தும்பிக் குஞ்சுகளின் மேல் விழுந்த மண்

கப்பல்துறையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் றோஸ் டீச்சருக்கு எளிதில் கோபம் வராது. வந்தால் இலேசில் போகாது.

மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு. மாரியில் நிரம்பும், கோடையில் வற்றிவிடும். ஐப்பசிக் காற்றோடு கடல் கடந்து வரும் பொன்னிறத் தும்பிகள் அந்தத் தண்ணீரில்தான் முட்டையிடும். அதை நிரவி, ஊரார் கிறிஸ்மஸ் மரம் என்று சொல்லும் ஊசியிலை மரங்களை இரண்டு வரிசை நடவேண்டும் என்றார் கோயில் சபைச் செயலாளர் ஹெக்டர். றோஸின் கணவருக்கு அண்ணன் அவர். நூறு வருஷம் நிற்கிற மரத்தையும் ஒரு மாதத்தில் சாகிற பூச்சியையும் ஒப்பிடலாமா என்று கூட்டத்தில் கேட்டார். பள்ளத்தால் நுளம்பு பெருகி இரவில் கடிக்கிறது என்றும் சொன்னார்.

றோஸ் எழுந்தார். ஊசியிலை மரமும் தும்பியும் மனிதனுக்கு வெகு காலம் முன்பே உலகில் இருந்தவை, ஒன்று மற்றதைவிட உயர்த்தியில்லை என்றார். மரத்தைக் கோயில் வளவின் எந்த மூலையிலும் நடலாம். தும்பிக் குஞ்சு தண்ணீரில் மட்டும்தான் வளரும், நுளம்புப் புழுவைத் தின்றே வளரும் என்றார்.

"அப்ப தும்பிக்கும் ஒரு திருநாள் வைப்பம்," என்றார் ஹெக்டர். சபை சிரித்தது. கை உயர்த்தி, பள்ளத்தை நிரவுவதென்றே முடிவெடுத்தார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் றோஸ் பள்ளிக்கூடத்தால் திரும்பியபோது உழவு இயந்திரம் பெட்டியிலிருந்து மண் கொட்டிக்கொண்டிருந்தது. பாதிப் பள்ளம் மூடிவிட்டது. விளிம்புச் சேற்றில் தும்பிக் குஞ்சுகள் நெளிந்தன. கைப்பையை மதிலில் வைத்துவிட்டு, சேலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார்.

"நீ கொட்டு தம்பி, அவ ஏறுவா," என்றார் கரையில் நின்ற ஹெக்டர்.

மூதூரில் இருந்து வந்த சாரதி சஜீத் இயந்திரத்தை நிறுத்தினான். ஆள் நிற்கிற இடத்தில் தன்னால் கொட்ட ஏலாது என்றான்.

"றோஸ், சனம் பாக்குது. மேல வாரும்," என்றார் ஹெக்டர்.

"பாக்கட்டும் அத்தான். மரம் வேண்டாமெண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. வேற இடம் காட்டினனான். நீங்கள் சிரிச்சனீங்கள். இண்டைக்கு இதுகளை உயிரோட புதைக்கிறீங்கள். நான் ஏற மாட்டன்."

சத்தம் கேட்டு பங்குச் சுவாமியார் வந்தார். சேற்றில் நெளிந்தவற்றைக் குனிந்து பார்த்தார். இனி மண் வேண்டாம், மூடிய பாதியில் மட்டும் மரங்களை நடுங்கள் என்றார். அப்படியே நடந்தது. மார்கழி முடிவதற்குள் மிச்சத் தண்ணீரிலிருந்து புதுத் தும்பிகள் எழும்பிப் பறந்தன.

ஊரார் அதை டீச்சரின் வெற்றி என்றார்கள். மூடிய பாதியை அவரால் மறக்க முடியவில்லை. இப்போதும் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் எல்லோருக்கும் கைகூப்புவார், ஹெக்டர் பக்கம் திரும்பமாட்டார். சுவாமியார் இரண்டுதரம் புத்தி சொல்லிப் பார்த்துவிட்டார்.

"முதல்ல அத்தான் தான் செய்தது பிழையெண்டு சொல்லட்டும், சுவாமி," என்கிறார் றோஸ். ஹெக்டர் இன்னும் சொல்லவில்லை.