பாண், மேசை, சப்பாத்து

நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பாலர் பள்ளியில் மகளைச் சேர்த்து இரண்டு மாதமாகியும், அவள் அங்கே வாயே திறக்கவில்லை. மூன்றரை வயசு, வீட்டிலென்றால் காது கிழியக் கதைப்பாள். பேச்சுப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனால் நல்லது என்று பள்ளித் தலைவி சொல்லிவிட்டார்.

அடுத்த கிழமை அவளைக் கூட்டிவரப் போனபோது ஒரு ஆசிரியை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ மொழியில் கடகடவென்று கொட்டினார். சிலியிலிருந்து வந்தவர். ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று இருந்த அறையைப் பார்ப்பவர். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. நான் முழிப்பதைக் கண்டு ஆங்கிலத்துக்கு மாறினார். மகள் அவருடைய அறைக்குள் எட்டிப்பார்த்துப் பேசிவிட்டாளாம், அதுவும் ஸ்பானிஷில். தகப்பனுக்கு எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அது பெரு நாட்டிலா என்றார்.

பிள்ளை சொன்னவற்றை விரல் மடித்து எண்ணிக் காட்டினார். ரொட்டிக்குப் பாண். மேசை. காலணிக்குச் சப்பாத்து. சமையலறைக்குக் குசினி. மிச்சத்தை மழலை என்று விட்டுவிட்டாராம். ஐயோ, இதெல்லாம் தமிழல்லவா! அந்த நிமிஷம்வரை நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர்கள் ஊரிலும் கிட்டத்தட்ட அதே பேர்கள்தானாம். இது ஸ்பானிஷ் இல்லை என்று சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதெல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள், ஸ்பானிஷ் அதற்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வீட்டில் கணவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்களென்று பயந்து, சேர்க்கும் படிவத்தில் வீட்டு மொழி ஆங்கிலம் என்று எழுதிய பெரிய மனுஷர் அவர்தானே.

அதற்குள் ஆசிரியை மகளைத் தன் அறைக்கு எடுத்துவிட்டார். அங்கே அவள் பாடினாள், சண்டை பிடித்தாள், பாணுக்கு அடம்பிடித்தாள். நான் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பழைய அறை, பழைய மௌனம். சொல்லாவிட்டால் நான் கள்ளி. எது சரியென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பிறகு ஒருநாள், அதே அறையில் இடம் கிடைக்காதா என்று காத்திருந்த ஒரு கொலம்பியத் தாயை வாசலில் கண்டேன். அவளுடைய பிள்ளையும் பள்ளியில் பேசுவதில்லையாம். என் மகள் இருந்தது அந்தப் பிள்ளையின் கதிரையில். மறுநாள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிரியை முதலில் நம்பவில்லை, பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். தலைவி சிரிக்கவில்லை. படிவத்தில் தமிழ் என்று திருத்தி, திங்களிலிருந்து பழைய அறை என்றார்.

காருக்குள் மகளுக்கு பெல்ட் போட்டுவிட்டபடி, "திங்கள்ல இருந்து மற்ற அறைக்குப் போகோணும், குஞ்சு" என்றேன்.

"அங்கயும் தமிழ் கதைக்கிற ரீச்சர் இருக்கிறாவோ, அம்மா?"