நாலு அரிசிச் சோறு

எனக்கு எதற்கும் காத்திருக்கத் தெரியாது. பால் பொங்கும்வரைகூட அடுப்படியில் நிற்கமாட்டேன். அதனாலேயே எங்கள் வீட்டில் பாதி நாள் பால் அடுப்பின் மேல்தான் வழிந்து கிடக்கும். அப்படிப்பட்ட என்னை ஒரு வேளைச் சாப்பாடு இரண்டு வாரம் காக்க வைத்தது. எண்பதுகளின் நடுவில், நான் ராஜபாளையத்துக்கு வாழ வந்த புதிதில் நடந்தது இது.

வாழ வந்தேன் என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தை. ஒரு நூல் மில் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவள், ஒரு நாள் திரும்பிப் போகவில்லை. அதே மில்லில் வேலை பார்த்தவரை ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எங்கள் வீட்டில் தமிழ். பேச்சு மட்டும்தான் வேறு என்றால் சமாளித்திருக்கலாம். இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். அவர் வீட்டில் ஊரைக் கூட்டிச் சாத்தினார்கள். எங்கள் அப்பா சத்தமே போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சாப்பாட்டுப் பேச்சை ஆரம்பித்தவர் செட்டியார்பட்டியிலிருந்து வேலைக்கு வரும் அக்கவுண்ட்ஸ் அக்கா. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் என்னைச் சீண்டுவது என்று இரண்டு வேலையையும் ஒழுங்காகச் செய்துவருபவர்.

"ஏட்டி, ஆளுக்கு ஒரு லட்ட குடுத்து எங்கள ஏமாத்திட்ட. எலை போட்டு ஒரு சாப்பாடு வேண்டாமா?"

"எங்க வீட்ல பெரிய பாத்திரம்னு ஒண்ணுமே இல்லக்கா."

"ஒன்னய யாரு சமைக்கச் சொன்னா? ஆளுக்கு ஒண்ணா நாங்க ஆக்கிக் கொண்டாரோம். நீ எலைய மட்டும் போடு."

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே எங்கள் வீட்டுக்கார அக்காவின் பின்கட்டில் கூடிவிட்டோம். வீட்டுக்கார அக்கா எங்களுக்கு வாடகைக்கு வீடு விட்டவர். தெலுங்குக்காரர். என்னை அம்மாயி என்றுதான் கூப்பிடுவார், தெலுங்கில் பெண்ணே என்று அர்த்தம். என் மாமியார் கூப்பிட வேண்டியதை இவர் கூப்பிடுகிறாரே என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

என்னென்ன செய்வது, யார் யார் செய்வது என்று பேச்சு ஆரம்பித்ததும் ஒரே சத்தம். பாயசம் நான் வைக்கிறேன் என்று மூன்று பேர் வந்தார்கள். ரசம் என்றதும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ரசம் வைத்தவளை யாரும் கூப்பிட்டுப் பாராட்டமாட்டார்கள் அல்லவா, அதுதான் காரணம். பால்கோவாவை என் தலையில் கட்டினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள் மடியில் பால்கோவாவோடுதான் பிறந்திருப்பாள் என்று ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு இனிப்பே பிடிக்காது. வீட்டுக்கார அக்கா தெலுங்கு வீட்டு மாங்காய்ப் பருப்பான பப்புக்கும் நெய்க்கும் பொறுப்பு. கறிக்குழம்பு செட்டியார்பட்டி அக்கா. கறி சாப்பிடாதவர்களுக்கு முதல் பந்தி, சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டாவது பந்தி. அவரைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய் வறுவல், மோர் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. ரசத்தைக்கூடக் கடைசியில் ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏற்றுக்கொண்டாள்.

"எல்லாஞ் சரி. சோறு?" என்றார் யாரோ.

சோற்றை ஒரு பதார்த்தமாக நாங்கள் யாருமே கணக்கில் எடுத்திருக்கவில்லை. வீட்டுக்கார அக்கா ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் செட்டியார்பட்டி அக்கா கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"சோறு மட்டும் பொண்ணு வீட்டுச் சோறாத்தான் இருக்கணும். கொழம்பு யாரு வேணா ஊத்தலாம். சோறு யாரு போடுதாவளோ அவியதான் கல்யாணத்த நடத்துனவிய."

அவர் என்னைக் குத்தவேண்டும் என்று சொல்லவில்லை. அவர் ஊரில் அப்படித்தான் போலிருக்கிறது. ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பாவம் என்று ஒன்று இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

"எங்க அம்மா அனுப்புவா" என்றேன்.

வாய் முந்திக்கொண்டது. வாசல்படியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தெரியும், அம்மாவோடு நான் பேசி நாலு மாதம் ஆகிவிட்டது என்று.

அன்று ராத்திரியிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நல்லவேளையாகத் திங்கட்கிழமை பிரதோஷம். அம்மா எங்கள் ஊர் மடவார் வளாகம் சிவன் கோவிலுக்கு வராமல் இருக்கமாட்டாள். மில்லில் பெர்மிஷன் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அம்மா என்னைப் பார்த்தாள். பக்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் நின்றதால் பார்க்காதவள் மாதிரி பிரகாரத்தைச் சுற்றக் கிளம்பினாள். நான் பின்னாலேயே போனேன். தெற்குப் பிரகாரத்தில் ஆள் குறைந்ததும், திரும்பாமலே பேசினாள்.

"மெலிஞ்சுட்ட."

"அம்மா, வார ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு ராத்திரி ஒரு சாப்பாடு வச்சிருக்கோம். ஆளாளுக்கு ஒண்ணு கொண்டாராங்க. சோறு மட்டும் நீ அனுப்பணும்."

அம்மா நடந்துகொண்டே இருந்தாள். சாமியிடம் பேசுகிறவள் போல உதடு மட்டும் அசைந்தது.

"எத்தன பேரு?"

"இருபத்தஞ்சு பேரு இருக்கும்."

மேற்குப் பிரகாரம் முடிந்தது. வடக்கே திரும்பும்போது சொன்னாள்.

"பாப்போம்."

எங்கள் வீட்டில் பாப்போம் என்றால் ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். பத்தாவது படிக்கும்போது தாவணி கேட்டதற்குப் பாப்போம் என்றாள், தீபாவளிக்கு வந்தது. மதுரைக்குப் பொருட்காட்சி பார்க்கப் போகிறேன் என்றதற்கும் பாப்போம்தான். அது கடைசிவரை நடக்கவில்லை. ஆனால் வேண்டாமென்று நினைப்பவள் எத்தனை பேர் என்று ஏன் கேட்கவேண்டும்? பஸ்ஸில் திரும்பும்போது அந்த ஒரு கேள்வியையே மென்றுகொண்டு வந்தேன்.

அம்மா கையில் ஒன்றும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். மாத அரிசியை அப்பாதான் வாங்கி, படியால் அளந்து மரப்பெட்டியில் கொட்டுவார். பெட்டியில் அரிசி எந்த வாரம் எதுவரை இறங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. விருந்தாளி ஒருவர் இரண்டு நாள் கூடத் தங்கினால் பெட்டியைத் திறந்து பார்த்தே சொல்லிவிடுவார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அப்படி அளந்து அளந்துதான் எங்களை வளர்த்தார்.

அடுத்து வந்த நாட்களில் என்னோடு குடித்தனம் நடத்தியவருக்குக் கோவில் கட்ட வேண்டும். "நம்ம ஸ்டவ்லயே நாலஞ்சு தடவையா வடிச்சுருவோமே" என்று சொன்னதற்கு அவரிடம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மில்லில் ஒரே லெட்டரைத் திரும்பத் திரும்ப அடித்தேன். "அம்மாயி, எதுக்கும் நான் கொஞ்சம் அரிசி எடுத்து வைக்கட்டா?" என்று வீட்டுக்கார அக்கா கேட்டார். வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, உள்ளே போய், எடுத்து வைக்கச் சொல்லியிருக்கலாமோ என்று குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. மூன்று மணியிலிருந்தே பாத்திரங்கள் வர ஆரம்பித்துவிட்டன. செட்டியார்பட்டி அக்கா குழம்புச் சட்டியின் வாயைத் துண்டால் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். "பஸ்ல அம்புட்டுப் பேரும் எங்கூடவே எறங்கிருவானுவ போல இருந்துச்சு" என்றார். பாயசம் ஒருவர்தான் என்று அத்தனை தடவை பேசி முடித்தும் மூன்று வீட்டுப் பாயசம் வந்தது. பின்கட்டில் வரிசையாக எல்லாம் இருந்தன. மூன்று பாயசம் இருந்தது. சோறு இல்லை.

நான் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் முன்படியைப் பார்ப்பேன், பின்படியைப் பார்ப்பேன், வீட்டுக்கு ஓடுவேன், மறுபடி வருவேன். பொழுது சாயும் நேரம் ஒரு பஸ் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு அம்மா ஏத்திவிட்டாக. ஸ்டாப்புல கோவமா ஒரு புள்ள நிக்கும், அதுட்ட குடுத்துருன்னாக. நீங்கதானம்மா?"

என் கையில் ஒரு தலையணையைக் கொடுத்தார். தலையணை என்றுதான் முதலில் நினைத்தேன். நீலப்பூப் போட்ட எங்கள் வீட்டு உறை. வாயை வெள்ளை நூலால் தைத்திருந்தது. கையில் வாங்கியதும் கனத்தில் தோள் இறங்கியது. உள்ளே அரிசி.

அரிசி. சோறு இல்லை.

வீட்டுக்கு வருவதற்குள் எனக்குக் கண்ணை மறைக்கிற கோபம். கோவிலுக்குத்தான் அரிசி கொடுப்பார்கள். நம் வீட்டில் கை நனைக்காதவர்களுக்கு அரிசி கொடுப்பார்கள். சொந்தப் பெண்ணுக்குச் சோறு போடுவார்கள். போட மனம் இல்லை என்றால் சும்மா இருந்திருக்கலாமே, எதற்கு இந்த மரியாதை? பின்கட்டில் அத்தனை பேர் முன்னால் தையலைப் பிய்த்து, அரிசி புடைக்கிற சொளகில் கொட்டினேன். கொட்டியதும் இன்னும் மோசம். கட்டையும் நெட்டையுமாக, வெள்ளையும் பழுப்புமாக, வீடு வீடாகக் கையேந்தி வாங்கிய பிச்சை அரிசி மாதிரி கிடந்தது.

"அடுத்த பஸ்லயே திருப்பி ஏத்திவிடுங்க" என்று கத்தினேன். "எனக்கு ஒண்ணும் பிச்சை போடவேண்டாம்."

வீட்டுக்கார அக்கா கல் பொறுக்குகிற பழக்கத்தில் விரலால் அரிசியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இது சாப்பாட்டு அரிசி. இது இட்லி அரிசி. இது பச்சரிசி, பொங்கலுக்கு வச்சிருந்ததா இருக்கும். இது ரேசன். ஏமி அம்மாயி, ஒங்க அம்மா நாலையும் எதுக்குக் கலந்தாங்க?"

அவர் கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டு அடுப்படி அப்படியே கண்ணில் வந்து நின்றது. மரப்பெட்டியில் சாப்பாட்டு அரிசி. தகர டின்னில் இட்லி அரிசி. பரண் மேல் பானையில் பச்சரிசி. ஆட்டுரலுக்குப் பின்னால் ரேஷன் அரிசிப் பை. ஒன்றிலிருந்தே நாலு படி எடுத்தால் அப்பா பெட்டியைத் திறந்த அன்றே தெரிந்துவிடும். அதனால் அம்மா எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறாள். கோவிலில் பாப்போம் என்று சொன்ன நாளிலிருந்து, தினமும் உலை வைக்கும்போது இதில் ஒரு பிடி, அதில் ஒரு பிடி, எதிலும் பள்ளம் தெரியாமல். சாக்கு எடுத்தால் எதற்கு என்று கேள்வி வரும் என்று தலையணை உறை. ஒரு ஆள் சோறு கூடினாலே ஏன் என்று கேட்கிற வீட்டில் இருபத்தைந்து பேருக்கு எப்படி வடிப்பாள்?

என் கோபத்துக்குப் போக இடமில்லாமல் போய்விட்டது. சொளகுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். விஷயத்தைச் சொன்னதும் செட்டியார்பட்டி அக்காவும் மூக்கைச் சிந்தினார். அவருக்குச் சீண்ட ஒன்றும் கிடைக்காமல் போனது அன்று ஒரு நாள்தான்.

வீட்டுக்கார அக்கா செத்த நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார். "எங்கிட்ட நல்ல பொன்னி இருக்கு அம்மாயி. அத வடிச்சுருவோம். இது ஒண்ணா வேகாது."

"வேகாட்டியும் பரவால்லக்கா. இதத்தான் வடிக்கணும்."

வடித்தோம். பின்கட்டில் கல்லைக் கூட்டி, விறகு வைத்து, வீட்டுக்கார அக்காவின் பெரிய அண்டாவில். முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. இலையில் உப்பு முதல் வறுவல்வரை எல்லாம் வைத்தாகிவிட்டது. சோறு மட்டும் வரவில்லை. ஆட்கள் பால்கோவாவைத் தின்றுவிட்டு, பொரியலைத் தின்றுவிட்டு, வறுவலையும் காலி செய்துகொண்டிருந்தார்கள். இங்கே பச்சரிசி குழைந்து கஞ்சியாகிக்கொண்டிருந்தது, ரேஷன் அரிசி நடுவில் கல் மாதிரி நின்றது. இதற்குப் பார்த்தால் அது, அதற்குப் பார்த்தால் இது. நான் கரண்டியும் கையுமாக அண்டாவைச் சுற்றி வந்தேன். கடைசியில் வீட்டுக்கார அக்கா போதும் என்று இறக்கிவிட்டார்.

நானே எடுத்துக்கொண்டு போய்ப் பரிமாறினேன். முதல் வாயிலேயே எல்லோர் முகமும் மாறியது. பாதி கூழ், பாதி நறுக்கென்று பல்லில் படுகிறது. யாராவது ஏதாவது சொல்லிவிடுவதற்குள் அடுத்த இலைக்கு நகர்ந்தேன். அப்போது செட்டியார்பட்டி அக்கா பப்புக் கரண்டியோடு நடுவில் வந்து நின்றார்.

"பொண்ணு வீட்டுச் சோறு! எவனும் எலையில ஒரு பருக்க மிச்சம் வைக்கப்படாது, சொல்லிட்டேன்."

பப்பு அதைக் கொஞ்சம் காப்பாற்றியது, இரண்டாவது பந்தியில் கறிக்குழம்பு இன்னும் கொஞ்சம். யாரும் நல்ல சோறு என்று பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் ரசத்துக்கும் மோருக்கும் மறுசோறு வாங்கினார். கடைசியில் நானும் வீட்டுக்கார அக்காவும் அண்டாவைச் சுரண்டித்தான் சாப்பிட்டோம்.

அப்பாவின் கோபம் தணியச் சில வருஷம் ஆனது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் முன்னால் சொல்லாமலே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். அம்மா நேராக அடுப்படிக்கு வந்தாள். என் அரிசி டின்னைத் திறந்து, கையை விட்டு அளைந்து பார்த்து மூடினாள். பிறகு தலையணை உறையைக் கேட்டாள், வீட்டில் அதன் ஜோடி மட்டும் தனியாகக் கிடக்கிறதாம். துவைத்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, முன்னறைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னைக்குச் சோறு நல்லா வெந்துச்சா?"

"நல்லா வெந்துச்சும்மா."

"பொய் சொல்லாதட்டி. நாலு அரிசி எங்கயாவது ஒண்ணா வேகுமா? பஸ்ஸு போன பொறவுதான் எனக்கே அது ஒறைச்சுது. அன்னைக்கு ராத்திரி பூரா ஒறக்கமில்ல. எதுக்கு இப்படிப் பொரளுதன்னு ஒங்க அப்பா எந்திரிச்சு ஒக்காந்துட்டாக. நாலு பேரு முன்னால புள்ளைய அசிங்கப்படுத்திட்டேனேன்னு கெடந்து அடிச்சுக்கிட்டேன்."

"வேகலம்மா" என்றேன். "ஆனா எல்லாரும் சாப்பிட்டாங்க."

"மிச்சம்?"

"ஒரு பருக்க இல்ல."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்திருக்கவேண்டும். உறையை உதறி, நாலாக மடித்து, இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"சரி, ஒலைய வையி. ஒங்க அப்பா பசி தாங்க மாட்டாக."

அன்று உலை கொதித்து, சோறு வெந்து, வடிக்கும்வரை நான் அடுப்படியை விட்டு நகரவே இல்லை.