கார்டுக்காரம்மாவும் இருபத்திரண்டு புடவைகளும்

இரண்டு வருடங்களுக்கு முன், கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போது தொடங்கியது இது. ஆவடியில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் பெண்கள் மட்டும் இருபத்திரண்டு பேர். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் ஒரே மாதிரி புடவை கட்டிக்கொண்டு நின்று பாடுவோம். யாராவது ஒருவர் மொத்தமாக வாங்கி வருவார், மற்றவர்கள் பணம் கொடுத்துவிடுவோம். அந்த வருடம் நானே முந்திக்கொண்டு அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டேன்.

காரணம், என் கைப்பையில் இருந்த கார்டு. முந்தைய வருடம் அம்பத்தூர் பக்கம் ஒரு பெரிய துணிக்கடைக்குப் பையனுக்குச் சீருடை வாங்கப் போனபோது, "எங்க கடை கிரெடிட் கார்டு எடுத்துக்கோங்கக்கா, எப்ப வாங்கினாலும் பத்து பர்சன்ட் கம்மி" என்று பேசிப் பேசியே தலையில் கட்டியிருந்தார்கள். ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரி படிக்கவில்லை. பின்னால் நிற்பவர்கள் முறைக்கிறார்கள், பையன் பசி என்று சிணுங்குகிறான், யார் படிப்பார்கள்? அன்றைய பில்லில் பத்து சதவீதம் குறைத்தும் கொடுத்தார்கள். அதன்பிறகு கார்டு பையிலேயே தூங்கியது.

"என் கார்டுல எடுத்தா புடவைக்குத் தொண்ணூத்தஞ்சு ரூபா மிச்சம்" என்று குழுவில் மார்தட்டினேன். தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்ப் புடவைக்கு ஆளுக்கு எண்ணூற்று ஐம்பத்தைந்துதான் வாங்கினேன். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அந்தக் குழுவில் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. எல்லோரும் "கார்டுக்காரம்மா" என்று கூப்பிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடையில் பில் முழுத் தொகைக்கு வந்தது. கேட்டதற்கு, "தள்ளுபடி அப்புறம் ஏறிடும்க்கா" என்றாள் கல்லாவில் இருந்த பெண். தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்து வந்த ஸ்டேட்மென்ட்டைப் பிரித்துப் பார்த்தேன். பத்து சதவீதம் பணமாகக் குறையவே இல்லை, பாயின்ட்டாக ஏறியிருந்தது. அந்தப் பாயின்ட் அந்தக் கடையில் மட்டும்தான் செல்லும், மூன்று மாதத்துக்குள்தான் செல்லும், அதிலும் எந்தப் பில்லிலும் கால்பங்குக்குமேல் செல்லாது. கூடவே ஆண்டுக் கட்டணம் என்று ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய். முதல் வருடம் இலவசம் என்று பத்து தடவை சொன்னவர்கள், இரண்டாவது வருடத்தைப் பற்றி ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை.

புடவைக் கணக்கில் இரண்டாயிரத்துத் தொண்ணூறு ரூபாய் துண்டு விழுந்தது. அவ்வளவு பீற்றிக்கொண்டபின் எந்த முகத்தோடு மற்றவர்களிடம் கேட்பது? பண்டிகைக்கென்று எடுத்து வைத்திருந்ததிலிருந்து சத்தமில்லாமல் கட்டினேன். என் பையனுக்கு அந்த வருடம் புதுத்துணி ஒரு சட்டையோடு நின்றது.

புத்தாண்டு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை கழிந்து வெளியே நிற்கிறோம். குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடும் அக்கா ஒருவர். ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர், மனதில் பட்டதை அப்படியே கேட்டுவிடுவார். ஐந்தாறு பேருக்கு நடுவில் ஆரம்பித்தார்.

"இன்னாம்மா, என் நாத்தனாராண்ட அதே கார்டு கீதாம். பாயின்ட்டு எக்கச்சக்கமா ஏறுமாமே? எங்க துட்டுல ஏறினத நீ மட்டும் வெச்சுக்கினா இன்னா நாயம்?"

"என்னக்கா இப்படிக் கேக்கிய?" என்றேன். கையைவிட்டுப் பணம் போட்டவள் நான்! சுற்றி நின்ற ஒருத்தராவது "சேச்சே, அவங்க அப்படியில்ல" என்று சொல்வார்கள் என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது. "நாளைக்கே என்கூட கடைக்கு வாங்க. அந்தப் பாயின்ட்ட உங்க கையாலயே வாங்கிக்கிடுங்க" என்றேன்.

மறுநாள் இருவரும் பேருந்து ஏறினோம். ஸ்டேட்மென்ட் காகிதத்தை அவர் மடியில் வைத்தேன். அம்பத்தூர் வருவதற்குள் மூன்று முறை படித்துவிட்டார்.

கடையில் கார்டு விற்கும் மேசையில் இருந்த பெண், "கார்டு பேங்க்கோடதுங்க, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். வங்கிக்குப் போன் செய்தால் இருபது நிமிடம் பாட்டு. அப்புறம் ஒரு குரல், "சலுகை கடையோடது மேடம், அங்கதான் கேக்கணும்" என்றது. கார்டின் மேல் கடையின் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆள் பிடிக்கும்போது கடையின் கார்டு, கேள்வி கேட்டால் வங்கியின் கார்டு!

நான் கத்துமுன் அக்கா கத்திவிட்டார். "இங்க கேட்டா அங்கன்ற, அங்க கேட்டா இங்கன்றான். கொறைக்கறேன்னு சொன்னியே, கொறைச்சியா? இந்தப் பொண்ணு ஊட்டுக் காசப் போட்டுகினு ஊமையாட்டம் கீது. நான் பாவி, அத்தப் போயி திருடி மாரி கேட்டுட்டேன்!"

மேலாளர் வந்தார். கணினியில் என் விண்ணப்பத்தைத் திறந்து காட்டினார். எறும்பு சைஸ் எழுத்தில் எல்லா விதியும் இருந்தது. அடியில் என் கையெழுத்து. "படிச்சுட்டுத்தானே மேடம் போட்டீங்க?" என்றார். பிறகு ஏதோ உதவி செய்பவர் மாதிரி, "இப்ப எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு எடுத்தீங்கன்னா மொத்தப் பாயின்ட்டும் கழிஞ்சிடும். கார்டை மூடினா எல்லாம் போயிடும்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நான் சபலப்பட்டேன். போர்வை வாங்கலாமா, வீட்டுக்காரருக்கு இரண்டு பேன்ட் எடுக்கலாமா என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. போன இரண்டாயிரத்தை மீட்க இன்னும் ஆறாயிரம் செலவழிக்கப் பார்த்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

அக்கா சட்டென்று அந்த மேசைப் பெண்ணிடம் திரும்பினார். "ஏம்மா, நீ இந்தக் கார்டு வெச்சிருக்கியா?"

அவள் மேலாளரைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு, "இல்லம்மா" என்றாள்.

"மூடுங்க சார்" என்றேன்.

கார்டைத் திறக்கப் பத்து நிமிடம், மூட ஒரு மாதம்! ஆண்டுக் கட்டணத்தையும் அழுதுவிட்டு, கணக்கு முடிந்தது என்று எழுத்தில் வரும்வரை நான் விடவில்லை. இதற்கிடையில் அடுத்த ஞாயிறே அக்கா பாடல் பயிற்சிக்கு முன் எழுந்து நின்று எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னார். அவரே ஆளுக்குத் தொண்ணூற்றைந்து ரூபாய் வசூலித்து என் கையில் வைத்தார். வேண்டாம் என்றேன். "வாய மூடிகினு வாங்கிக்கோ" என்றார். வாங்கிக்கொண்டேன்.

இப்போது வருடா வருடம் நானும் அவரும்தான் ஆவடி மார்க்கெட்டில் ஒரு சின்னக் கடையில் புடவை எடுக்கிறோம். அவர் பேரம் பேசுவார், கடைக்காரர் அலுத்துக்கொண்டே எங்கள் கண்முன்னால் பில்லில் அடித்துக் குறைத்து எழுதுவார். பெரிய கடைகளில் யாராவது சிரித்த முகத்தோடு "மேடம், எங்க கார்டு இருக்கா?" என்று அருகில் வந்தால் மட்டும் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. கையெழுத்துப் போட்ட அந்த ஐந்து இடத்தில் என் நல்ல பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பது, ஆலய வாசலில் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த முகங்களைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.