பயந்தேன் என்று கையெழுத்துப் போட்டது

என் வெள்ளாடு அவன் நாற்றங்காலில் வாய் வைத்தது உண்மைதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. அதற்காக, நான் இடுப்பில் தூக்கி மூக்குச் சிந்திவிட்ட சித்தப்பா மகன், தெருவே பார்க்க அரிவாளை ஆட்டிக்கொண்டு, "ஏ பொம்பள, ஆட்டோட சேத்து ஒன்னயும் வெட்டிப்புடுவேன்" என்பதா? வெட்டிப்புடுவேன் என்பது ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் பெற்ற பிள்ளையைச் சோறு தின்னக் கூப்பிடும்போதும் சொல்வதுதான். 'அக்கா' போய் 'பொம்பள' வந்ததில்தான் எனக்கு அடிவயிறு பற்றி எரிந்தது.

விறுவிறுவென்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

"பொம்பளன்னு சொன்னதுக்கெல்லாம் கேசு கெடயாதும்மா. வெட்டுவேன்னது சரி, பயந்தீகளா?" என்று கேட்டார் ரைட்டர்.

இருந்த ஆத்திரத்தில் தலையை ஆட்டினேன். 'உயிருக்கு அஞ்சி நடுங்கினேன்' என்று அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டேன். கொலை மிரட்டல், ஐந்நூற்றாறாம் பிரிவு. மறுநாளே இரண்டு போலீஸ்காரர்கள் சைக்கிளில் வந்து அவனைப் பிடித்துப்போனார்கள். ஜாமீனில் வர ஒரு வாரம் ஆனது.

அவன் சவூதிக்குப் போகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். வழக்கு முடியாமல் கிடையாது என்றுவிட்டார்களாம். அவன் பெண்டாட்டி என்னை எதிரில் கண்டால் குனிந்துகொண்டு போனாள். நாலு வார்த்தை வைதிருந்தால் தாங்கியிருப்பேன். புகாரைத் திருப்பிக் கேட்கப் போனேன். "இனிமே எல்லாம் கோர்ட்டுலதான்" என்றார் ரைட்டர்.

கோர்ட்டில் கூண்டேறி நின்றேன். "இவர் மிரட்டியதும் பயந்தீர்களா?" என்று அரசு வக்கீல் கேட்டார். ஆமாம் என்றால் அவன் பிழைப்பில் மண். இல்லையென்றால் நான் பொய்க்காரி. போகட்டும் கழுதை என்று வாயைத் திறந்தேன்.

"இவனுக்கா? அரைஞாண்கயித்தோட திரிஞ்ச நாள்ல இருந்து பாக்குறேன். இவனுக்கு நான் பயப்படவாய்யா?"

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. "பிறகு எதற்கம்மா புகார் கொடுத்தீர்கள்?"

"கோவம்யா. வீம்பு."

பொய் எழுதிக் கொடுத்ததற்கு என்னை நன்றாகக் கடிந்துகொண்டார். அவனை விடுதலை செய்தார்.

வெளியே வந்ததும், பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பில், "ஏலே, நான் பயப்படலன்னு சொல்லிட்டேன்ல, இனி என்ன?" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ பயப்படலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நான்தான் பயந்தேன். எட்டு மாசமா வாசல்ல சைக்கிள் மணி கேட்டாக் கொல்லப்பக்கம் ஓடுறேன்."