இடப்பக்கம் திரும்பும்போது கேட்ட சத்தம்

வெள்ளிக்கிழமை முற்பகலில் காரைக்காலிலிருந்து ஜுலைஹாவின் அண்ணன் மகன் அழைத்தார். "எங்க மாமி மௌத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். உங்களால வந்து சேர முடியாதுன்னு தெரியும். ஆனாலும் உங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சுங்க" என்றார். ஜுலைஹாவை அடக்கம் செய்த நேரத்தில் நான் இங்கே, வடக்கே, ஓடுதளத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். இப்போது இங்கே வேலை பார்ப்பவர்களில் அவளைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது? அவளோடு பறந்த நீங்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கிளைடர் பயிற்சி மையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சாப்பாட்டு மேசையில் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நீ நெரவியாமே? நான் பக்கத்துல காரைக்கால். இனிமே நான் தமிழை மறக்க மாட்டேன்" என்றாள். கப்பலில் வேலைக்குப் போன குடும்பம் அவளுடையது. கடலே இல்லாத ஊரில் வானத்தில் பறக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஒரே வயது. அன்று மாலைக்குள் 'வாடி, போடி' என்று ஆகிவிட்டோம்.

கிளைடருக்கு என்ஜின் கிடையாது. கம்பிவடத்தால் இழுத்து மேலே ஏற்றிவிட்டால் பிறகு காற்று மட்டும்தான். அதனால் உள்ளே ஒரு பொத்தான் உருண்டாலும் கேட்கும். ஒரு பயிற்சிக் காலத்தில், இரட்டை இருக்கைக் கிளைடர் ஒன்று இடப்பக்கம் திரும்பும்போது பின்னால் 'டொக்' என்று கேட்கிறது என்றாள் ஜுலைஹா. பொறியாளர் பார்த்தார், ஒன்றும் இல்லை. மற்ற ஆசிரியர்கள் ஓட்டினார்கள், யாருக்கும் கேட்கவில்லை. அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், இருக்கை மெத்தையைக் கழற்றினாள், கண்ணாடி மூடியின் விளிம்பெல்லாம் டேப் ஒட்டினாள். சத்தம் போகவில்லை. அதில் மாணவர்களை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "ஒரு ஆளோட காதுக்காக விமானத்தை நிறுத்தணுமா?" என்று மேலதிகாரி கத்தினார். சாப்பாட்டு மேசையில் சிலர் அவளைப் பார்த்ததும் கரண்டியால் 'டொக்' என்று தட்டிச் சிரித்தார்கள். அவள் தட்டோடு எழுந்து அறைக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள்.

ஒரு நாள் என்னிடம் வந்தாள். "நீ ஒரு தடவை பின்னால உக்காந்து கேளு. கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லிடு. எனக்காகக் கேக்குதுன்னு மட்டும் சொல்லாதடி."

ஏறினோம். திரும்பத் திரும்ப இடப்பக்கம் வளைத்தாள். ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். காற்றின் இரைச்சல் மட்டும்தான். எனக்குத் தெரிந்தது அவளுடைய பின்னங்கழுத்தும் தலையில் கட்டியிருந்த துணியும்தான். "கேக்குதா?" என்றாள். பொய் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது! "இல்லடி" என்றேன். "சரி" என்றாள். ஓடுதளத்தை நோக்கித் திருப்பினாள். அவ்வளவு உயரத்தில், அவள் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டு, அவளைத் தனியாக விட்டுவிட்டதுபோல இருந்தது எனக்கு.

தரையில் நின்று யோசித்தவள் திடீரென்று சொன்னாள்: "நீ இருக்கேன்னு இன்னைக்கு வேகமா ஓட்டிட்டேன். நான் எப்பவும் மெதுவாத்தான் திருப்புவேன். மெதுவாப் போனா மூக்கு தூக்கும், வால் தாழும். எது இருந்தாலும் அப்பத்தான் பின்னால நகரும். மத்தவங்கல்லாம் வேகமாப் போறவங்க!"

இருவரும் வாலைத் தூக்கிப் பிடித்தோம். இடது இறக்கையைச் சாய்த்து, வாலை மெல்ல இறக்கினோம். டொக்.

"கேட்டுச்சுடி!" என்று கத்திவிட்டேன்.

வால் பக்கத்து மூடியைக் கழற்றிக் கையை விட்டாள். சுக்கானை அசைக்கும் கம்பிக்குப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்குரூடிரைவர் வந்தது. ஒரு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் சுக்கான் நடுவானில் சிக்கியிருக்கும். அதன் பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. எங்கள் மையத்தில் தன் கருவிகளுக்குச் சிவப்பு டேப் சுற்றுகிறவள் ஜுலைஹா ஒருத்திதான். வருடாந்திரப் பராமரிப்பில் அவளும் கூட நின்று வேலை செய்திருந்தாள்.

பக்கத்தில் யாரும் இல்லை. "பையில போட்டுக்க. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். என்னை ஏதோ புதிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அடுத்தவங்க விட்டதா இருந்தா ஊரையே கூட்டியிருப்பேன். என்னோடதுங்கிறதால மறைக்கவா? நீ வராத, நானே போறேன்."

நான் பின்னாலேயே போய் மேலதிகாரியின் அறைக் கதவுக்கு வெளியே நின்றேன். "சத்தம் இருந்தது சார். காரணம் நான்தான்" என்று சொல்வது கேட்டது. அந்தப் பருவம் முழுவதும் அவளுக்கு மாணவர்களைக் கொடுக்கவில்லை. கேலி செய்தவர்களும் கேலியை விட்டார்கள். கூடவே பேச்சையும் விட்டார்கள். அவள் அதைப் பற்றிக் குறை சொன்னதே இல்லை.

பிறகு உம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பினாள். உம்மாவுக்குப் பிறகும் அந்த வீட்டில் தனியாகவே இருந்தாள். விடுமுறையில் போனபோது, "இங்க பேச்சுத்துணைக்கு ஆள் இருக்காடி?" என்று கேட்டேன். "இருக்காங்க. பறந்ததைப் பத்திப் பேசத்தான் யாரும் இல்ல. நீ வந்தா பேசுவோம்" என்றாள். அன்று அவள் பேசியதில் நெரவிக்குப் போகும் பேருந்துகளை ஒவ்வொன்றாகத் தவறவிட்டேன்.

அவள் பொருள்களில் ஏதாவது வேண்டுமா என்று அவளுடைய அண்ணன் மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, கதவுக்கு வெளியே நின்று கேட்ட அந்தக் குரல்தான். அது ஒன்றும் வீரமான குரல் இல்லை. 'நான்தான்' என்ற இடத்தில் நடுங்கியது. அந்த நடுக்கத்தோடேயே வைத்துக்கொள்கிறேன்.