மீற்றர் காட்டிய நாலு கிலோமீற்றர்

குற்றமில்லாத ஒருவரை, படகுக்கு நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் கள்ளன் என்று சொன்னேன். வாய்தவறிச் சொல்லவில்லை. ஏழு வாரம் சந்தேகப்பட்டு, ஆதாரம் சேர்த்து, நிச்சயமாக நம்பிச் சொன்னேன்.

நான் சரவணையில் இருப்பவன். கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நெடுந்தீவில் தனியாக இருக்கும் அக்காவைப் பார்க்க ஒவ்வொரு சனிக்கிழமையும் குறிகாட்டுவான் துறைக்குப் போய்ப் படகேறுவேன். ஞாயிறு திரும்புவேன். துறைக்குப் போய்வர என்னிடம் ஒரு பழைய ஜப்பான் ரேசிங் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கொழும்பில் கடை வைத்திருந்த உறவினர் கனடா போனபோது விட்டுச் சென்றது. என் வயதுக்கு ஏற்ற வண்டியல்ல என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள்.

எங்கள் வீதிக்கும் அது ஏற்றதல்ல. குழிகளுக்காக மெதுவாகப் போனால் முதல் கியரிலும் கிளச்சை விடமுடியாது. எதிர்காற்றில் ஆறாவது கியர் இழுக்காது. செயின் சுற்றும் இரண்டு பற்சில்லுகளில், எஞ்சின் பக்கத்துச் சின்னதில் பதினைந்து பல், பின்சில்லில் உள்ள பெரியதில் நாற்பத்திரண்டு. முன்னதில் பல்லைக் குறைத்தால், அல்லது பின்னதில் கூட்டினால், உச்ச வேகம் குறைந்து இழுவை கூடும்.

"பின்னுக்குக் கூட்டுவம் மாஸ்ரர்," என்றார் வேலணை மெக்கானிக். "முன்னுக்கு ரெண்டு பல்லைக் குறைச்சால் செயின் கெதியாத் தேயும்."

பெரிய சில்லையும் நீளச் செயினையும் என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "பதிமூண்டைப் போடும்," என்றேன். போட்டார். வண்டி நன்றாக இழுத்தது.

துறையில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். தகரக் கொட்டகை வேறொருவருடையது. இவர் பகல் முழுக்கக் காவல் இருப்பார். நான் பல்லை மாற்றிய வாரம்தான் நயினாதீவுத் திருவிழாவுக்குப் படகேறச் சனம் வந்து கொட்டகை நெருங்கிப்போனது. வண்டிகளை நகர்த்த வேண்டும் என்று எல்லாரிடமும் சாவி வாங்கத் தொடங்கினார். நானும் கொடுத்தேன்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், வீட்டிலிருந்து புறப்படும்போதும் திரும்பியதும் மீற்றரைக் குறித்து வைக்கப் பழகியிருந்தேன். போய்வர இருபத்தாறு கிலோமீற்றர். சாவியைக் கொடுத்த வாரம் முப்பது காட்டியது. அடுத்த வாரமும் முப்பது. பெற்றோலும் வேகமாகக் குறைந்தது. அவருடைய வீடு துறையிலிருந்து இரண்டு கிலோமீற்றர். மத்தியானம் சாப்பிடப் போய்வந்தால் நாலு. எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

பிறகு எல்லாமே அவருக்கு எதிராகத் தெரிந்தது. இருக்கையில் தூசி இல்லாவிட்டால் அவர் ஏறி இருந்து வண்டி ஓடியிருக்கிறார். தூசி இருந்தால் வேண்டுமென்றே மண்ணைத் தூவியிருக்கிறார். ஒருநாள் என்னைக் கண்டு சிரித்தார், அதையும் சேர்த்துக்கொண்டேன். படகேறும் முன் துறையில் ஒருமுறை மீற்றரைக் குனிந்து பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. விடையைச் சரிபார்க்காத பிள்ளைகளுக்கு நான் புள்ளி குறைத்தவன்.

எட்டாவது ஞாயிறு, நெடுந்தீவுப் படகால் இறங்கியதும் அவரிடம் கேட்டேன்.

"ஐசே, மத்தியானச் சோத்துக்கு என்ர வண்டியிலையோ போய் வாறீர்?"

அவர் பகிடி என்று நினைத்தார். "உதிலையோ? குப்புறக் கிடந்து ஓட என்னாலை ஏலாது மாஸ்ரர். நான் சைக்கிளிலை போறனான்."

வரிசையில் நின்ற ஒரு பெண், "மாஸ்ரர் ஓடேக்கை சுவரிலை பல்லி ஒட்டின மாதிரி," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

"சாவியைத் தா. கள்ளனிட்டைக் குடுத்தது என்ர பிழை." அதுவரை அவரை நான் 'நீ' என்றதில்லை.

அவர் சாவியை இடுப்புச் சாரத்தில் துடைத்துத் தந்தார். "நான் ஓடேல்லை," என்று ஒருமுறைதான் சொன்னார்.

மற்றவர்களும் தங்கள் சாவிகளை வாங்கிக்கொண்டார்கள். கொட்டகைக்காரர் அவரை இனி வரவேண்டாம் என்றுவிட்டார். அடுத்த சனிக்கிழமை இதைக் கேள்விப்பட்டு, நான் சொன்னது சரி என்றே எடுத்துக்கொண்டேன். வண்டியைத் துறைக்குப் பக்கத்தில் ஒரு நண்பரின் அறைக்குள் விட்டுப் பூட்டி, அறைச் சாவி, வண்டிச் சாவி இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு படகேறினேன். ஞாயிறு வீட்டில் பார்த்தேன். முப்பது.

முதலில் நண்பரைச் சந்தேகித்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் போனேன். அவர் எஞ்சின் பக்கத்து மூடியைக் கழற்றிக் காட்டினார்.

"உங்கட மீற்றர் சில்லை எண்ணுறேல்லை. பதிமூண்டு பல்லுப் பூட்டியிருக்கிற இந்த அச்சைத்தான் எண்ணுது. அதே தூரத்துக்கு அச்சு இப்ப கூடச் சுத்துது. மீற்றரும் கூடக் காட்டும். கணக்கு மாஸ்ரருக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

அங்கேயே நின்று இருபத்தாறைப் பதினைந்தால் பெருக்கிப் பதின்மூன்றால் வகுத்தேன். மீதியில்லாமல் முப்பது வந்தது.

கொட்டகைக்காரரிடம் போய் உண்மையைச் சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை, படகுக்கு நின்றவர்களிடம் பிழை என்னுடையது என்று உரத்துச் சொல்லி, பல்லுக் கணக்கையும் விளக்கினேன்.

"பல்லு விழுந்தது வண்டிக்கோ மாஸ்ரருக்கோ?" என்று ஒருவர் கேட்டார். சிரிப்பு அடங்கியதும் இன்னொருவர், "அப்ப அந்தாள் எவ்வளவு தூரம் ஓடினதாம்?" என்றார்.

அடுத்த நாள் காவல் இருந்தவரின் வீட்டுக்குப் போனேன். வேலி அடைத்துக்கொண்டிருந்தார். கதிரை கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பவும் ஓலையை எடுத்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"உங்கட கணக்கு எனக்கு விளங்காது மாஸ்ரர்," என்றார். "நான் ஓடேல்லை எண்டது எனக்கு அண்டைக்கே தெரியும்."

ஒரு மாதம் கழித்துக் கொட்டகைக்காரர் அவரைத் திரும்பக் கூப்பிட்டார். மெல்ல மெல்ல ஆட்களும் சாவியைக் கொடுக்கத் தொடங்கினார்கள். என் சாவியை மட்டும் அவர் வாங்குவதில்லை. கொட்டகைக்கு வெளியே, உப்புக்காற்றில், விடவேண்டிய இடத்தைக் கையால் காட்டுவார். நான் படகேறும் முன் மீற்றரைப் போனில் படம் பிடிப்பார். திரும்பி வந்ததும் இன்னொரு படம்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ மாஸ்ரர், இலக்கம் தெரியேல்லை."

பதினைந்து பல்லையே திரும்பப் போட்டுவிட்டேன், இப்போது மீற்றர் சரியாகக் காட்டுகிறது என்று போன வாரம் அவரிடம் சொன்னேன்.

"அப்பிடியோ," என்றார். பிறகு போனைத் தூக்கினார்.