எவ்வளவு முறுக்கு போதுமுங்க?

"ஏனுங்க அம்மணி, உங்கூட்டுக்காரர் முறுக்குன நட்டைக் கழட்டறதுக்கு எங்க தோட்டத்து ஆளுங்க அத்தனை பேரும் தொங்கிப் பாத்துட்டாங்க. துப்பாக்கி உருளுது, ஆளு உருளறான், நட்டு மட்டும் அசைய மாட்டீங்குது. இதுக்குப் பேரு ரிப்பேருங்களா, பழி வாங்கறதுங்களா?"

ஏர் ரைபிள் ரிப்பேர் செய்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டால், சரியாக ரசம் நுரை கட்டும் நேரத்தில்தான் இப்படி ஒரு பஞ்சாயத்து வந்து ஜன்னலில் நிற்கும். பட்டறைக்காரர்களைக் கட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் திருப்பூரில் தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி. எங்கள் வீட்டு முன்பக்கத்தில் லேத்துப் பட்டறை. நிட்டிங் மெஷினுக்குப் பாகங்கள் கடைவது தொழில். துப்பாக்கி என் வீட்டுக்காரரின் ஆசை. லேத்து போடுகிற சத்தத்தில் அவருக்குக் காது கேட்காது என்பதால், குறைகளெல்லாம் சமையலறைக்கு வரும்.

குழலைத் துப்பாக்கியின் உடம்போடு சேர்த்துப் பிடிக்க ஒரு பெரிய நட்டு உண்டு. அது தளர்ந்தால் குண்டு தறிகெட்டுப் போகும். அளவுக்கு மீறி இறுக்கினால் திருகு மரை நசுங்கும், குழலும் கோணும். நடுவில் ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். அந்த நிறுத்துகிற இடம்தான் எங்கள் வீட்டில் பதினைந்து வருஷச் சண்டை. சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் எங்கள் பெண் சுகன்யா. ப்ளஸ் ஒன் படித்தாள். ரைபிள் கிளப்பில் சுட்டுப் பழகினாள். மாவட்ட அணிக்கு அந்த வருஷம்தான் ஆள் எடுத்தார்கள். கிளப் அவளுக்குக் கொடுத்திருந்த துப்பாக்கியைப் பராமரித்தவரோ அவளைப் பெற்றவர்.

கோபத்தின் அளவு

ஜன்னலில் நின்ற கொமரலிங்கத்துக்காரர், சோளக்காட்டில் சத்தம் போட்டுக் கிளி விரட்டத் துப்பாக்கி வைத்திருந்தவர். எண்ணெய் விடலாம் என்று நட்டைக் கழட்டப் பார்த்திருக்கிறார், பாவம். என் வீட்டுக்காரர் துப்பாக்கியை வைஸ் இடுக்கியில் பிடித்து, ஸ்பேனர் பிடியில் ஓர் ஆள் நீளப் பைப்பைச் சொருகி, காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். நட்டு வந்தது. தேங்காய்த் துருவல் மாதிரி மரையும் சுருள் சுருளாய்க் கூடவே வந்தது.

"பாத்தீங்களா, எத்தனை உறுதியா இருந்திருக்குது!" என்றார் இவர், பெருமை பொங்க. கொமரலிங்கத்துக்காரர் அந்தச் சுருளில் ஒன்றை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதை முறுக்குனன்னைக்கு ஊட்டுல ஏதாச்சும் சண்டைங்களா அம்மணி?"

சித்தெ உட்டு

பட்டறையில் சுடலைமுத்து என்று திருநெல்வேலிப் பக்கத்து ஆள் ஒருவர் சேர்ந்தார். நல்ல வேலைக்காரர். முதல் வாரமே என் வீட்டுக்காரர் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து, "மரைக்கு கிரீஸ் போட்டிருக்கறனப்பா, சித்தெ உட்டு முறுக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எங்கள் ஊரில் அதற்கு, கொஞ்ச நேரம் கழித்து முறுக்கு என்று அர்த்தம். சுடலைமுத்துவுக்கு அது, கொஞ்சம் இடம் விட்டு முறுக்கு என்று கேட்டிருக்கிறது. முதலாளி சொல்லைத் தட்டலாமா? பதமாக இடம் விட்டே முறுக்கியிருக்கிறார்.

அந்தத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வெள்ளகோவில் போன சொந்தக்காரர் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். குழலைப் பிடித்து, ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியைத் திருகுவது போல இப்படியும் அப்படியும் திருகிக் காட்டினார். இவர் சுடலைமுத்துவைப் பார்த்துக் கத்த, சுடலைமுத்து என்னைப் பார்த்து நியாயம் கேட்டார்: "நீங்களே சொல்லுங்கக்கா, அண்ணாச்சி இன்னைக்காவது ஒரு சாமானைத் தளர்த்தியா விடச் சொல்லுதாரேன்னு எனக்கே சந்தோசமாத்தான் இருந்துச்சு!"

குழந்தையும் போர்வையும்

சுகன்யாவின் துப்பாக்கி ஒரு குண்டைக் கிழக்கேயும் மறு குண்டை மேற்கேயும் அனுப்ப ஆரம்பித்தது. கிளப் செயலாளர் வீட்டுக்கே வந்தார். "செலக்‌ஷனுக்குள்ள இதைச் சரி பண்ணலீன்னா, புள்ளை பேரை நிறுத்தி வைக்கறதைத் தவிர வேற வழியில்லீங்க" என்று சொல்லி, துப்பாக்கியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். கான்வென்டில் படித்தவள் என்பதால் வாசிக்கும் வேலை எனக்கு.

படித்துச் சொன்னேன்: மரைக்கு கிரீஸ் தடவு; முறுக்கு; தளர்த்து; மறுபடி முறுக்கு; மறுபடி தளர்த்து; மூன்றாம் தடவை முறுக்கி, குறித்த அளவில் நிறுத்து. "இறுக்குனதை எதுக்குப் புள்ளை கழட்டறது? எழுதுனவனுக்கு வேலை வெட்டி இல்லியா?" என்றார் இவர். மரை ஒன்றோடொன்று படிந்து உட்காரத்தான் என்றேன். கையால் முதலில் முறுக்கும்போது 'ஸ்னக்' ஆக இருக்க வேண்டும் என்றும் போட்டிருந்தது. அதற்குத் தமிழ் சொல்லு என்றார். கான்வென்ட் சிஸ்டர் சொல்லிக் கொடுத்த ஒரே விளக்கம்தான் ஞாபகம் வந்தது: போர்வைக்குள் குழந்தை தூங்குமே, அப்படி. இறுக்கமாகவும் இருக்கணும், மூச்சும் விடணும்.

இவர் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சொல் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து எல்லாமே ஸ்னக்தான். சாமளாபுரத்துத் தறிக்காரர் ஒருவர் துப்பாக்கியை வாங்கிப்போக வந்து உட்கார்ந்ததும், "உங்களுது ஸ்னக் பண்ணி ரெடியா வெச்சிருக்கறனுங்க" என்றார். அவர் அவசரமாகக் கையை ஆட்டினார்: "ஸ்னாக்ஸெல்லாம் வேண்டாமுங்க, அம்மணி ஒரு காப்பித் தண்ணி குடுத்தாப் போதும்."

பஸ் சக்கரம்

குறித்த அளவில் நிறுத்த வேண்டுமென்றால் அளக்க வேண்டாமா? கோயமுத்தூரில் பஸ் கட்டும் கம்பெனியில் இருந்த என் தம்பி, தறிக்காரர் வந்த அன்றைக்கே முறுக்கை அளக்கிற ஸ்பேனர் ஒன்றை இரவல் கொண்டு வந்தான். டார்க் ரெஞ்ச். பிடியில் ஒரு முள், கீழே எண்கள். ஆனால் அது பஸ் சக்கரத்துக்கானது. துப்பாக்கிக்கு வேண்டிய அளவு, அந்த முள் தூங்கி எழுவதற்கு முன்பே முடிந்துவிடும்.

இவருக்கு அதெல்லாம் யார் சொல்வது? நான்தான் சொன்னேன், லேத்துச் சத்தத்தில். முள் நகரவில்லையே என்று இழுத்தார். இன்னும் நகரவில்லையே என்று இன்னும் இழுத்தார். நல்லவேளை, வைஸில் இருந்தது சுகன்யாவின் துப்பாக்கி அல்ல, எதற்கும் அளந்தே கொடுத்துவிடலாம் என்று மாட்டிய தறிக்காரருடையது. முள் ஒருவழியாக அசைந்தபோது நட்டில் விரிசல் விழுந்துவிட்டது. காப்பியை முடித்துவிட்டு எட்டிப் பார்த்த தறிக்காரர், விஷயத்தைக் கேட்டுக்கொண்டு அமைதியாகக் கேட்டார்: "இந்தத் துப்பாக்கியில மொத்தம் எத்தனை டிக்கெட் ஏறுதுங்க?"

கடை யாருது?

தம்பி அடுத்த தடவை சின்ன ரெஞ்சாகக் கொண்டு வந்தான். செலக்‌ஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் இவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார, சுகன்யா துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீங்க தொடாதீங்கப்பா. நீங்க முறுக்குனா அளவு வந்தப்புறமும் கை நிக்காது. சுடப்போறது நான், நானே முறுக்கிக்கறேன்." பதினைந்து வருஷமாக நான் சொல்லிக் கேட்காதவர், எழுந்து விலகி நின்றார்.

நான் வரி வரியாகப் படித்தேன். அவள் கிரீஸ் தடவினாள், முறுக்கினாள், தளர்த்தினாள். ஒவ்வொரு தளர்த்தலுக்கும் இவர் முகம் கோணிக்கொண்டு போனது. பல்லைப் பிடுங்குகிற இடத்தில் நிற்கிறவர் மாதிரி. மூன்றாம் தடவை முள் அளவுக்கு வந்ததும் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டாள். "அவ்வளவுதானா கண்ணு? இன்னொரு சித்தெ…" என்று கையை நீட்டியவரின் முன்னால் நான் காப்பி டம்ளரை நீட்டினேன். சூடு. பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

மறுநாள் குண்டுகள் அட்டையின் நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. பட்டியலில் சுகன்யா பேர் வந்தது. இவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்துவது போல் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல் இருந்தேன். செயலாளர் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரமாதமுங்க. இந்த நட்டை முறுக்குனது யாருங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்: "கடை எங்களுதுங்க."

அடுத்த வாரம் மெட்ராஸில் மாநிலப் போட்டி. பெண்ணோடு துணைக்கு இவர்தான் கிளம்பினார். மாற்றிக்கட்ட இரண்டே வேட்டி வைத்த பை, வாசற்படி இறங்கும்போது கணீரென்று சத்தம் போட்டது. ஒரு நட்டுக்கு எவ்வளவு முறுக்கு போதும் என்று புத்தகத்தில் போடுகிறவர்கள், ஒரு தகப்பனை எங்கே நிறுத்துவது என்று மட்டும் போடுவதே இல்லை. இரண்டு பேரும் ஆட்டோவில் ஏறினார்கள்; நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "ஏனுங்க, அந்த ஸ்பேனரை எடுத்து ஊட்டுல வெச்சுட்டுப் போங்களேன்!"